புழு மனைக்காரர் கிருஷ்ணப்பன்

எங்கள் ஊர்ப் பக்கம் தெரியாத பைக் ஒன்று திரும்பினால் முதலில் எழுந்து நிற்பவர் கிருஷ்ணப்பன். சோற்றில் கை இருந்தாலும் எழுந்துவிடுவார். வந்தவர் சட்டையைப் பேண்டுக்குள் விட்டிருக்கிறாரா, தோளில் பை தொங்குகிறதா என்று பார்ப்பார். இரண்டும் இருந்துவிட்டால் முகம் வெளுத்துவிடும். ஒருமுறை அப்படி ஒருவர் வந்தபோது, தான் வாடகைக்கு விட்டிருக்கும் கொட்டகை வாசல்களில் கிடந்த செருப்புகளையெல்லாம் சாக்கில் அள்ளிப் போட்டு மாட்டுக் கொட்டாயில் ஒளித்துவிட்டார். வந்தவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அன்றைக்கு இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிய பெண்கள் வெறுங்காலோடு தேடி அலைந்தார்கள். "ஓனரண்ணா, ஒத்தக்கால் செருப்புதான் கெடைச்சிது. இன்னொண்ண மாடு தின்னுடுச்சா?" என்று ஒருத்தி கேட்டதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அவருடைய பயம் பொய்யான பயமில்லை.

மத்திகிரியைத் தாண்டித் தளி போகும் சாலையில், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பட்டுப்பூச்சி வளர்த்தோம். அரசாங்க மானியத்தில் ஆளாளுக்கு நீளநீளமாகக் கொட்டகை கட்டிக்கொண்டார்கள். புழு மனை என்று சொல்வோம். பிறகு போர்வெல்லில் தண்ணீர் இறங்கியது. மல்பெரி காய்ந்தது. இலை பறிக்க வந்துகொண்டிருந்த பெண்கள் கம்பெனி பஸ் ஏறினார்கள். கிருஷ்ணப்பன் மாமாவின் நிலத்தில் பாதி, தொழிற்பேட்டைக்குச் சாலை போட்டபோது போய்விட்டது. மிச்சமிருந்தது புழு மனை ஒன்றுதான். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதைத் தடுத்து வரிசையாக அறைகள் ஆக்கினார். திருவாரூர், விழுப்புரம், தேனி என்று எங்கெங்கிருந்தோ கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் குடியேறினார்கள். பட்டுப்புழுவைக் கெடுக்கும் ஊசி ஈ புகாமல் இருக்க அன்றைக்கு அடித்த வலை, இன்றைக்குக் கொசுவைத் தடுக்கிறது.

ஆனால் ஊராட்சிக் கணக்கில் அது இன்றும் புழு மனைதான். கரண்ட் இணைப்பும் அந்தப் பெயரில்தான் ஓடுகிறது. வீட்டு வரி கிடையாது. கதவு எண் கிடையாது. இவர் ஒருவர் மட்டுமில்லை, ஊரில் பாதிப் பேர் இப்படித்தான். யாராவது கேட்டால் காட்டுவதற்காக, கூடு கட்டப் புழுவை விடும் மூங்கில் தட்டு ஒன்றை ஆளாளுக்குச் சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள். சந்திரிகை என்று அதற்குப் பேர். எங்கள் ஊரில் எந்தச் சுவரில் சந்திரிகை தொங்குகிறதோ அங்கே வாடகைக்கு அறை இருக்கிறது என்று அர்த்தம். வேலை தேடி வரும் பிள்ளைகள் சந்திரிகையைப் பார்த்துத்தான் கதவைத் தட்டும்.

இப்படிப்பட்ட கிருஷ்ணப்பன்தான் எங்கள் ஊராட்சியின் சுகாதாரக் குழுவுக்குத் தலைவர்.

வார்டு மெம்பர் என்பதால் அந்தப் பதவி அவர் தலையில் விழுந்தது. பிளீச்சிங் பவுடர் வாங்குவது, கொசுப்புகை அடிக்க ஆள் கூப்பிடுவது, இவ்வளவுதான் வேலை என்று நினைத்து ஒத்துக்கொண்டார். அந்த வருஷம்தான் வட்டாரத்திலிருந்து புதிதாக ஒன்று சொன்னார்கள். ஒவ்வொரு ஊரும் தனக்கு என்ன வேண்டும் என்று தானே திட்டம் போட்டு, கிராம சபையில் தீர்மானம் செய்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் பணமும் மருந்தும் ஆளும் ஒதுக்குவார்கள். ஊர்க்காரர்களை உட்கார வைத்து அந்தத் திட்டத்தைப் போட உதவுவது என் வேலை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்த படிப்புக்குச் சொந்த ஊரிலேயே வேலை கிடைத்ததில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைப்பானேன்.

மாரியம்மன் கோயில் முன்னால் இருந்த சிமெண்ட் தரையில் பெண்களைக் கூப்பிட்டு, கோலமாவால் ஊரை வரையச் சொன்னோம். தெருவை இழுத்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு வட்டம், வீட்டுக்குக் கட்டம், கட்டத்துக்குள் ஆளுக்கொரு புள்ளி. ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. புழு மனைகள் இருக்கும் வரிசை வந்ததும் கைகள் நின்றன. ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். கடைசியில் கிருஷ்ணப்பன் மனைவி வெள்ளையம்மா குனிந்து, தன் கொட்டகை இருக்கும் இடத்தில் அழகாக ஒரு மல்பெரி இலையைப் போட்டாள். உள்ளே புள்ளி இல்லை. மற்றவர்களும் அதைப் பார்த்து இலை இலையாகப் போட்டார்கள்.

நர்சம்மா அருணா இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிறவர்.

"இந்த எலைக்குள்ள எத்தனை கர்ப்பிணி இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்க்கா," என்றார். "ஊசி மருந்து வர்றது புள்ளிக்கு. வந்து நிக்கிறது எலை. நான் யாருக்குப் போட்டு யார அனுப்புறது?"

"நாங்க என்னாம்மா பண்றது, மேல இருக்கறவங்களக் கேளு," என்றாள் வெள்ளையம்மா. பேச்சு நீளும் முன்பு கிருஷ்ணப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்," என்று போய்விட்டார்.

அருணா கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அவர் ஊருக்கு வரும் நேரம் பகல். அந்த நேரத்தில் கொட்டகைப் பெண்கள் கம்பெனியில் இருப்பார்கள். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகும். வாரத்தில் ஒரு நாள் மாலையில், முதல் ஷிப்டு முடிந்து வருகிற நேரத்துக்கு, இன்னொரு நர்சோடு ஒரு கிளினிக் வேண்டும். அதற்கேற்ற மருந்து வேண்டும். எங்கள் வட்டாரத்தில் ஓர் ஊருக்குத்தான் அது கிடைக்கும் என்று பேச்சு இருந்தது. ஆள் அதிகம் என்று காட்டுகிற ஊருக்கு. எங்கள் ஊரிலோ காகிதத்தில் புழு அதிகம், ஆள் கம்மி.

ஆளைக் காட்டினால் புழு மனை பொய்யென்று ஆகும். அப்புறம் வரி வரும், கரண்டுக்கு வேறு கட்டணம் வரும், அனுமதி இல்லாத கட்டடம் என்று பூட்டுப் போடலாம், மானியத்தைத் திருப்பிக் கட்டு என்றும் சொல்லலாம். அந்த வாடகையை விட்டால் கிருஷ்ணப்பனுக்கு வேறு வரும்படி கிடையாது. இதை எனக்கு அவரே சொன்னார். குலாம் முகம்மது மளிகைக்கடை ஓரத்தில் நின்றுகொண்டு, காற்றுக்குக் கேட்டுவிடுமோ என்பது போல் சொன்னார். "நவீனு, நீ படிச்சவன். நீயே சொல்லு. ஊரு நல்லதுக்குன்னு என் ஊட்டு ஓட்ட நானே பிரிச்சிக்க முடியுமா?"



"பிரிக்காதீங்க அண்ணா," என்று கடைக்குள்ளிருந்து குலாம் முகம்மது குரல் கொடுத்தார். "கொரியர்காரன் காலைல எங்கிட்ட கேக்கறான், பாய், கிருஷ்ணப்பன் ஊட்டுல எத்தனை பேரு, ஒரே கதவு நம்பருக்கு ஊரு மொத்தப் பார்சலும் வருதேன்னு. அவனுக்கே தெரிஞ்சிபோச்சி. கவர்மெண்டுக்கு மட்டுமா தெரியாது?"

கிருஷ்ணப்பன் அன்றைக்குச் சாமான் வாங்காமலே போய்விட்டார்.

பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அது நடந்தது. கொட்டகையில் கடைசி அறைக்கு முந்தின அறையில் சுவாதி என்ற பெண் இருந்தாள். மன்னார்குடிப் பக்கம். புருஷன் மாரிமுத்துவும் அவளும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஷிப்டு. ஒருவர் வரும்போது மற்றவர் போவார். சுவாதிக்கு ஐந்தாம் மாதம். பாத்ரூமுக்கு வரிசையில் வாளியோடு நின்றவள் அப்படியே சரிந்தாள். மாரிமுத்து வேலையில் இருந்தான். போனைக் கேட்டில் வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனி. கிருஷ்ணப்பன் தன் பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டு, வெள்ளையம்மாவை ஏற்றிக்கொண்டு ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். நான் பைக்கில் பின்னால் போனேன்.

டாக்டரம்மா சின்ன வயது. ஆனால் குரல் கறார்.

"நீங்க யாரு இவங்களுக்கு?"

கிருஷ்ணப்பன் என்னை ஒருமுறை பார்த்தார். வாடகைக்கு இருக்கிற பெண் என்று சொன்னால் அடுத்த கேள்வி எந்த வீட்டில் என்பது.

"எங்க அக்கா மகளுங்க," என்றார்.

"ரத்தம் இவ்ளோ கம்மியா இருக்கு. பிரஷரும் சரியில்ல. அக்கா மகள்னா, மாசாமாசம் கூட்டிட்டுப் போய்க் காட்டக் கூடாதா? உங்க ஊர்ல நர்ஸ் வர்றதில்லையா?"

"வர்றாங்கோ..."

"வந்தா? இவங்க அட்டையில ரெண்டு மாசமா ஒண்ணுமே எழுதலையே. வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு இப்படி விட்டா, புள்ளையும் போயிடும், பொண்ணும் போயிடும் ஐயா. சரி, வீட்டு நம்பர் சொல்லுங்க."

தன் வீட்டு எண்ணைச் சொன்னார். டாக்டரம்மா எழுதப் போய் நிறுத்தினார். "இதே நம்பர்ல போன வாரம் ஒரு பொண்ணு வந்தாளே. அவளும் உங்க அக்கா மகளா?"

வெள்ளையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்கம்மா, அக்கா ரெண்டு பேரு," என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுவாதியை இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, மருந்து ஏற்றி அனுப்பினார்கள். திரும்பி வந்த அன்று அவள் கிருஷ்ணப்பன் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஓனரண்ணா, ரொம்ப தேங்க்ஸ். நா இனிமே பாத்து நடந்துக்கறேன். ரூமைக் காலி பண்ணச் சொல்லிடாதீங்கண்ணா," என்றாள். மயங்கி விழுந்தது தன் தப்பு என்றும், அதனால் அவருக்குத் தொந்தரவு வரும் என்றும் பயந்துபோயிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கன்றுக்குட்டியின் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் அதே முளையில் கட்டிக்கொண்டு, "யாரும்மா காலி பண்ணச் சொன்னாங்க? போ, போய்ப் படு," என்றார்.

அன்றிலிருந்து அவருக்குப் பயம் இரண்டானது. முன்பு பைக் சத்தத்துக்கு மட்டும் எழுவார். இப்போது பாத்ரூம் பக்கம் வாளி விழுகிற சத்தத்துக்கும் எழுந்தார்.

மே தினத்துக்குக் கிராம சபை. கம்பெனிகளுக்கு லீவு. எப்போதும் அந்த லீவுக்குக் கொட்டகைக்காரர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். போகாதவர்களும் சபைக்கு வந்ததில்லை. அது ஊர்க்காரர்கள் கூட்டம் என்று அவர்களுக்கு நினைப்பு. நானும் அருணாவும் அறை அறையாகப் போய்க் கூப்பிட்டோம். சிலர் தலையாட்டினார்கள். சிலர் கதவை ஒருக்களித்து, "ஓனர் என்ன சொல்றாரு?" என்று கேட்டார்கள்.

அந்த ஓனர்களில் பெரியவர் திம்மப்பன். மூன்று புழு மனை வைத்திருப்பவர், கிருஷ்ணப்பனுக்குப் பங்காளி முறை. சபைக்கு முந்தின நாள் அவர் கிருஷ்ணப்பன் வீட்டுக்கு வந்தார். திட்டத்துக் காகிதத்தோடு நானும் அங்கே இருந்தேன்.

"என்னாடா கிருஷ்ணா, டாக்டர் ஆயிட்டியாமே. ஆஸ்பத்திரிலயே குடியிருக்கறயாமே."

"ஒரு பொண்ணு விழுந்திடுச்சிண்ணா."

"பொண்ணு விழுந்தா தூக்கிவுடு. கூட ஊரையும் சேத்துத் தள்ளிவுடாத." என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ ஆஞ்சப்பன் மகன்தான? உங்கப்பன் எங்க தோட்டத்துல எலை பறிச்சான். நல்ல மனுசன். நீ காலேஜு போனதுல எனக்கும் சந்தோசந்தான். ஆனா ஒண்ணு, நீ படிச்சத எங்க கூரை மேல எழுதிப் பழகாத."

அப்பா இலை பறித்த கூலியில்தான் நான் படித்தேன். அதில் எனக்குத் தலைகுனிவு ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கிருஷ்ணப்பன் என் முழங்கையைப் பிடித்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலைண்ணா," என்றார் திம்மப்பனிடம். "காகிதத்துல என்னா இருக்குதோ அத்த படிப்பேன். அவ்ளோதான்."

திம்மப்பன் போன பிறகு கிருஷ்ணப்பன் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "மாத்தி எழுதினயா?"

"உங்களக் கேக்காம மாத்தமாட்டேன் மாமா. ஊராட்சியில இருக்கிற கணக்குதான் இருக்கு."

"சரி." காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு மறுபடியும், "சரி" என்றார்.

சபை நாளில் ஊராட்சி அலுவலகத்து முன்னால் பந்தல். நான் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். கொட்டகைக்காரர்கள் பந்தலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றார்கள். சுவாதியும் மாரிமுத்துவும் இருந்தார்கள். வட்டாரத்திலிருந்து சுகாதார மேற்பார்வையாளர் வந்திருந்தார். சட்டை உள்ளே விட்டிருந்தது, பையும் இருந்தது.

தண்ணீர், தெருவிளக்கு என்று பேச்சு முடிந்து சுகாதாரம் வந்தது. கிருஷ்ணப்பன் எழுந்தார். இன்ன இன்ன வேண்டும் என்று தட்டுத் தடுமாறிப் படித்தார். மாலை கிளினிக் வரைக்கும் வந்தார். மக்கள்தொகை என்ற இடத்தில் நின்றார். தண்ணீர் குடித்தார். வெள்ளையம்மா பெண்கள் பக்கத்திலிருந்து கண்ணால் வேண்டாம் என்றாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. எனக்கே, படிச்சிட்டு உக்காந்துடுங்க மாமா என்று கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. பூட்டுப் போட்ட கொட்டகைக்கு முன்னால் அவர் நிற்பது போல் ஒரு காட்சி கண்ணுக்குள் வந்து போனது.

"இதுல எழுதியிருக்கற ஜனம் ஊட்டுல இருக்கற ஜனம்," என்றார் கிருஷ்ணப்பன். "புழு மனையில இருக்கறவங்க இதுல இல்லீங்க."



"டேய்," என்றார் திம்மப்பன், உட்கார்ந்தபடியே. "வெயிலு மண்டைக்கு ஏறிப்போச்சா? புழு மனையில புழு இருக்கும்."

"என்னுதுல புழு இல்லண்ணா. ஆளுங்கதான் இருக்கறாங்க. என்னுத மட்டுந்தான் சொல்றேன். மத்தவங்களுத அவங்கவங்க சொல்லட்டும், சொல்லாம போவட்டும்." மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். "சார், அதுல ஒரு பொண்ணு மாசமா இருக்குது. அத்த என் அக்கா மகள்னு பொய் சொல்லிட்டு வந்தேன். எனக்கு அக்காவே இல்லீங்க."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. வேப்பமரத்தடியிலிருந்து மாரிமுத்து ஓரடி முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் சுவாதி. கிருஷ்ணப்பன் கொட்டகைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பந்தலுக்குள் வந்து நின்றார்கள். திம்மப்பன் கொட்டகையில் இருக்கும் ஒரு பெண்ணும் நகர்ந்தாள். அவர் தலையைத் திருப்பியதும் அங்கேயே நின்றுவிட்டாள்.

மேற்பார்வையாளர் பேனாவை மூடித் திறந்தார். "நீங்க சொல்றது வரி விஷயமும் ஆகும் ஐயா. அது என் வேலை இல்ல. ஆனா இங்க பேசினது தீர்மானத்துல போகும், ஊராட்சியும் பாக்கும். தெரிஞ்சுதான சொல்றீங்க?"

"தெரியுங்க," என்றார் கிருஷ்ணப்பன். சொல்லிவிட்டு நாற்காலியைத் தேடினார்.

தீர்மானம் இப்படி ஆனது: சுகாதாரக் குழுவே எல்லாப் புழு மனைகளிலும் போய் ஆட்களை எண்ணி அனுப்ப வேண்டும். குழுவுக்குத் தலைவர் கிருஷ்ணப்பன். ஆக, ஊர் முழுக்க அடுத்தவன் கொட்டகைக் கதவைத் தட்டுகிற வேலையும் அவருக்கே வந்தது. தட்டினார். சிலர் திறந்தார்கள். சிலர் நாயை அவிழ்த்து விட்டார்கள். ஒரு கல்யாணத்தில் அவர் இலைக்கு மட்டும் பாயசம் வரவில்லை. திம்மப்பன் கேட்டுக்கு வெளியே அவரை ரொம்ப நேரம் நிற்க வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த நர்சுப் பொண்ணு உள்ள போவட்டும். எண்ணிக்கட்டும். பொம்பளைங்க சமாச்சாரம், நான் தடுக்கல. நீ என் வாசப்படிய மிதிக்காத." அருணா உள்ளே போனார். கிருஷ்ணப்பன் வெயிலில் நின்றார்.

ஆடி மாதத்தில் உத்தரவு வந்தது. புதன்கிழமை மாலைகளில் கிளினிக், ஆறு மாதத்துக்குச் சோதனையாக நடக்கும், இடம் மட்டும் ஊர் கொடுக்க வேண்டும். கிருஷ்ணப்பனின் கடைசி அறையில் இருந்தவர்கள் அப்போதுதான் காலி செய்திருந்தார்கள். அவர் அதற்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். கொட்டகையை அளந்து வரி போட ஆள் வரும் என்ற நோட்டீசும் அதே வாரம் வந்தது. மற்ற ஓனர்களுக்கு இன்னும் வரவில்லை. மானியம் என்னாகும், கரண்டுக்கு என்ன சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஆபீசுகளில் எல்லாம் விசாரித்தேன். "பாக்கலாம்" என்றார்கள். அந்தச் சொல்லை அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அளக்க ஆள் வந்தது ஒரு புதன்கிழமை மாலை. பைக் சத்தம் கேட்டுக் கிருஷ்ணப்பன் எழுந்தார். செருப்புகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. வந்தவர் ஒற்றை ஆள், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"குடுங்க சார்," என்று கிருஷ்ணப்பன் அதை வாங்கிக்கொண்டார்.

அறை அறையாக இருவரும் அளந்துகொண்டே போனார்கள். நான் பின்னால் நடந்தேன். ஒவ்வோர் அளவையும் அந்த மனிதர் எழுதும்போது மாமா அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தார். கடைசி அறை வாசலில் பெண்கள் ஷிப்டு உடையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே சுவாதி. வளைகாப்புக்கு ஊருக்குப் போக டிக்கெட் போட்டாயிற்று. போகும் முன்பு ஒருமுறை காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள். அவள் கையில் பட்டையைச் சுற்றி அருணா காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் அப்படியே நில்லுங்க," என்றார் அருணா. "யாரும் பேசாதீங்க, பிரஷர் பாக்கறேன்."

டேப் இருவருக்கும் நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது. அளக்க வந்தவரும் நின்றார். காற்று இறங்கும் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. கிருஷ்ணப்பன் அருணாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறல," என்றார் அருணா. "நல்லாருக்கு. தைரியமா ஊருக்குப் போய் வா."

சுவாதி வாசலைப் பார்த்துச் சிரித்தாள். கிருஷ்ணப்பன் தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் சுவரோரம் குனிந்து டேப்பைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ம், இழுங்க சார்," என்றார்.